ஆபீசர் வரும் நாளில் திறக்கிற அறை

எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டில் போன வாரம் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் காலையில் தரையைக் கழுவிவிட்டதும் பினாயில் வாடை படியேறி வருகிறது பாருங்கள், நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இந்த வயதில் பினாயிலுக்குப் பயப்படுகிறவள் திருவொற்றியூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா வேலை பார்த்தது ஒரு தகர டப்பா கம்பெனியில். பெண்கள் வேலை செய்கிற ஆலையில் கைக்குழந்தைகளுக்கென்று ஓர் அறை வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே பேச்சில் வந்து சட்டமான விஷயம். கம்பெனியிலும் அறை இருந்தது. குறை சொல்லக்கூடாது, சுவரில் கிளிப் படம்கூட வரைந்திருந்தார்கள். பூட்டுதான் எப்போதும் தொங்கும். சாவி மேஸ்திரியின் இடுப்பில். நிஜமான காப்பகம் என்னுடைய இடுப்பு. தம்பி அதில்தான் வளர்ந்தான். நான் பள்ளிக்கூடம் போனதைவிட மட்டம் போட்டதே அதிகம்.

ஆலையைச் சோதிக்க ஆபீசர் வருகிறார் என்றால் அறை திறக்கும். பினாயில் போட்டுக் கழுவுவார்கள். தொட்டிலில் போடக் குழந்தை வேண்டுமே, அதனால் முதல்நாளே பெண்களிடம் சொல்லிவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் வாங்குகிற மாதிரிதான்.

ஒரு முறை அப்படிச் சொன்னபோது தம்பிக்குக் காய்ச்சல். மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கு ஆபீசர் வர்றாரு. கொயந்தைய இட்டுகினு வந்துடும்மா."

"உடம்பு கொதிக்குது மேஸ்திரி. இந்த ஒரு தபா வுட்டுடுங்க."

"தொட்டில் காலியா கீதுன்னா இன்னா சொல்றது? அப்பால வேலை போச்சுன்னு என்கிட்ட வந்து அழுவாத."

அப்பா இல்லாத வீடு. அம்மா தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். தொட்டிலாட்ட நானும் கூடப் போனேன். ஆபீசர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று, கேட்டிலேயே காத்திருந்த மேஸ்திரி அறைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். "தெனமும் இங்கதான் வுட்றோம்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

ஆபீசரைக் காணவே காணோம். மற்றக் குழந்தைகள் வீறிட்டன. தம்பி மட்டும் அழவில்லை. மேஸ்திரிக்கு அதில் பரம திருப்தி. எனக்கோ அவன் அழாததுதான் பயமாக இருந்தது. கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்து செருகிக்கொண்டது. அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் அந்தப் பக்கம் மிஷினில் நிற்கிறாள், அறையை விட்டு நகரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. பினாயில் வாடையில் மூச்சு முட்டியது.

ஒருவழியாக ஆபீசர் வந்தார். கிளியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் குனிந்து, "தம்பிய தினமும் இங்கதான் விடுறீங்களாம்மா?" என்று கேட்டார். பின்னால் மேஸ்திரி எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினார்.

"அவனுக்கு ஜொரம் சார். கண்ணு தெறக்க மாட்டேங்குறான்."

ஆபீசர் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் மேனேஜரின் கார் வந்தது. அம்மா மிஷினிலிருந்து அப்படியே ஓடிவந்து ஏறினாள். ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று சொன்னார்களாம்.

அந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் தம்பியைத்தான் காட்டுவேன். தம்பி இன்று எண்ணூரில் கிரேன் ஓட்டுகிறான். அதை இல்லையென்று சொல்ல முடியுமா? ஆனால் கம்பெனியும் விவரமானதுதான். அறையைத் தினமும் திறக்க வேண்டும் என்று ஆபீசர் கண்டித்துவிட்டுப் போனதும், கைக்குழந்தைக்காரிகளே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். குழந்தை இல்லாவிட்டால் அறை எதற்கு? முதலில் நிறுத்தியது அம்மாவை. ஒவ்வொருவராக மற்றவர்களையும் அனுப்பினார்கள்.

அம்மா இறால் உரிக்க நெட்டுக்குப்பம் போக ஆரம்பித்தாள். என்னைத் திட்டவில்லை. "நீ சொல்லலேன்னா புள்ள பூட்டிருப்பான். வேலை கெடக்குது வுடு," என்றாள். எனக்குத்தான் இறால் ஓடு கிழித்த அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை முட்டும்.

காலையில் கம்பெனிச் சங்கு ஊதினால் போதும், அம்மா அவசரமாகக் கொண்டையை முடிந்துகொண்டு எழுவாள். வாசல்வரை போவாள். அங்கே போனபிறகுதான் கம்பெனி வேலை போய்விட்டது ஞாபகம் வரும். என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்து உட்காருவாள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சங்கு இல்லை. அதைக் கேட்டு எழுந்திருக்க அம்மாவும் இல்லை.