ஒரு பேன்ட், இரண்டு உயரம்

அந்தச் சாம்பல் நிற பேன்ட்டின் கால் பகுதியில் ஒரு கோடு உண்டு. எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் போகாத கோடு. வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பாலிடெக்னிக் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கும் அண்ணனுக்கும் இன்டர்வியூவுக்கென்று இருந்தது அந்த ஒரே பேன்ட்தான். அண்ணன் என்னைவிட நல்ல உயரம். அவர் அளவுக்குத் தைத்த பேன்ட்டை, என் முறை வரும்போது அம்மா உள்ளே மடித்துக் கையால் தைத்துக் கொடுப்பார். அண்ணன் முறை வந்தால் பிரித்துவிடுவார். பழைய மடிப்பின் கோட்டோடுதான் அண்ணன் எப்போதும் இன்டர்வியூவுக்குப் போனார்.

இத்தனைக்கும் பேன்ட் நீளத்தில் அவருக்கு மகா கண்டிப்பு. "ஷூ மேல லேசா ஒக்காரணும்டா. கணுக்கால் தெரிஞ்சா வயல்லேருந்து நேரா வந்துட்டான்னு நெனைப்பானுங்க. தரையக் கூட்டுனா எரவல்னு நெனைப்பானுங்க" என்பார். வயலிலிருந்து வந்தவர்கள்தானே நாம், அதை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிய வாரத்தில், இருவருக்கும் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் இன்டர்வியூ வந்தது. அப்பா முதுகு பிடித்துப் படுத்திருந்தார். இன்னொரு பேன்ட்டுக்கு யாரைக் கேட்கலாம் என்று நான் தெருவை மனதுக்குள் அலசிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போய் வந்த அண்ணன் பேன்ட்டை என்னிடம் நீட்டினார். என் உயரத்துக்கு மெஷினில் தைத்திருந்தது. உள்ளே மடிக்கும் துணியைக் காணோம். வெட்டியாகிவிட்டது.

"ஏண்ணே, தெருவுல கேட்டா ஒரு பேன்ட்டு கெடைக்காதா?" என்று கத்தினேன்.

"கெடைக்கும். நடவுக்கு யாருடா நிக்கிறது?"

அவ்வளவுதான் பேச்சு. வேலை எனக்குக் கிடைத்தது. அங்கிருந்து சிங்கப்பூர் போனேன். ஊரில் எல்லோரும் அண்ணனைத் தியாகி என்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நடவுக்கு நான் நின்றிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? நல்லது செய்த மனிதரிடம் சண்டைகூடப் போட முடியவில்லை என்பது இன்னொரு கடுப்பு.

போன மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து அண்ணனுக்கு ஒரு சாம்பல் நிற பேன்ட் வாங்கி வந்தேன். ரெடிமேட் என்பதால் நீளமாக இருந்தது. மன்னார்குடித் தையல் கடையில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற அண்ணன், "கணுக்காலோட நிறுத்துங்க. வரப்புல நடக்குற ஆளு" என்றார்.

"ஷூ மேல ஒக்காரணும்ணே!"

"அதெல்லாம் அப்போடா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "மிச்சத் துணிய உள்ள மடிச்சாவது விடுங்க" என்று தையல்காரரிடம் சொன்னேன்.

அண்ணன் சிரித்தார். "எதுக்குடா? இனிமே நான் வளரவா போறேன்?"

சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, தையல்காரர் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வெட்டிடலாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், இந்த முறையும் அண்ணனே பதில் சொல்லிவிட்டார்.