முந்திக்கொண்ட மாலை

போன கிழமை வவுனியா பஸ் நிலையத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"என்ன தம்பி, இன்னும் ஊர் சுற்றித்தான் திரியிறீரோ?"

திரும்பினால்... கணக்கியல் மிஸ்!

முள்ளியவளையில் ஓலைக் கொட்டில்களில் நடந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் விரிவுரையாளர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் அங்கே கூரை வேய்ந்தேன், மணி அடித்தேன், பிரியாவிடைகளுக்குத் தேநீர் ஊற்றினேன். கடைசி வேலைதான் அதிகம்!

விரிவுரையாளர்கள் வருவார்கள். ஒரு மாரி, ஒரு கோடை பார்ப்பார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் எடுப்பார்கள். பிறகு ஆளையே காணக் கிடையாது. அதனால், யாருக்கோ பாஸ் கிடைத்ததாம் என்று காதில் விழுந்தாலே மாணவர்கள் மாலை கட்டத் தொடங்கிவிடுவார்கள். வாழ்த்துப்பாவும் தயார் — எல்லோருக்கும் ஒரே பா, பெயர் மட்டும் மாறும்.

மிஸ் வேறு மாதிரி. கரும்பலகையில் எழுத வெண்கட்டி முடிந்த நாட்களில் மணலில் கோடு கீறி ஐந்தொகைக் கணக்குப் படிப்பித்தவர். அவருக்கும் பாஸ் கிடைத்தது. மாலை, பனங்கட்டித் தேநீர், பா... அழுதுகொண்டே போனார்.

"நீங்களும் வசதியான இடம் பார்த்துப் போயிட்டியள், என்ன மிஸ்?"

"ஆர் சொன்னது? நான் பல்லுப் பிடுங்கத்தானே பாஸ் எடுத்தனான்!"



"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, மிஸ்?"

"நல்லாச் சொன்னீர்! கழுத்தில மாலை, கல்லூரி அதிபர் பேசுறார், பிள்ளையள் அழுதுகள்... நடுவில எழும்பி, 'பல்லுக்குத்தான் போறன், திங்கள் வந்திடுவன்' எண்டு சொல்லுறதே? ஆராவது மறிப்பியள் எண்டு பார்த்தனான். ஒருத்தரும் மறிக்கேல்லை. நான் போறது உங்களுக்கு ஒண்டுமில்லைப் போல எண்டு நினைச்சன். இங்கயே நிண்டிட்டன்."

இப்போது ஒரு கடையில் பில் எழுதுகிறாராம். "சம்பளம் நேரத்துக்கு வருது," என்றார். பிறகு கேட்டார்:

"ஐந்தொகை இப்ப ஆர் படிப்பிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ். அந்தப் பாடத்தையே நிப்பாட்டிப் போட்டினம்."

பஸ் வந்தது. ஏறிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

விரிவுரையாளர்கள் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்று அதிபர் எத்தனை கூட்டம் வைத்திருப்பார்! சம்பளம், இருக்க வீடு, மண்ணெண்ணெய்... எல்லாம் பேசினார்கள். எல்லாம் உண்மையும்தான். ஆனால் இருக்க நினைத்த ஒருவரையும் மாலை போட்டு அனுப்பியதற்கு எந்தத் தட்டுப்பாட்டைக் குறை சொல்வது?

அந்த வாழ்த்துப்பாவில் கடல் இருந்தது, நிலா இருந்தது... "போகாதேங்கோ மிஸ்" மட்டும் இல்லை.