தலைகீழாக எழுதிய பெயர்

செய்தி வந்தபோது நான் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தேன். டேவிட் சாரின் மனைவி எஸ்தர் அக்காதான் பேசினார். "அவரு போயிட்டாரும்மா. தூக்கத்துலயே." பிறகு, "படகு பாதியில கெடக்குதே," என்றார். போனைக் காதில் வைத்தபடியே கல்பாக்கம் வந்து இறங்கினேன்.

நம் குடியிருப்பில் டேவிட் சாரை அறியாதவர் கிடையாது. யார் வீட்டு மிக்சி நின்றாலும் ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்பார். சர்ச் கோபுரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஏறுகிறவரும் அவர்தான். ஆபீஸில், கருவிப் பிரிவில், எனக்குப் பக்கத்து மேசை. ஆனால் படகுக்கார டேவிட்டை உங்களில் பலருக்குத் தெரியாது. அவரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

கடப்பாக்கம் உப்பங்கழியில் ஒரு சின்ன ஃபைபர் பாய்மரப் படகு, அவருக்கும் எனக்கும் கூட்டுச் சொத்து. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. எஸ்தர் அக்காவுக்கு அதைவிட மோசம். இருவரும் கரையில் உட்கார்ந்து கையாட்டும் ரகம். படகு வாங்கிய புதிதில், அதைத் தன் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மீனவர் ஏழுமலை, இதில் என்ன பிடிப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றும் பிடிப்பதில்லை, சும்மா போய்விட்டு வருவோம் என்றார் சார். ஏழுமலைக்கு அது கடைசி வரை விளங்கவில்லை.

சாரின் அப்பா மதுராந்தகம் பக்கத்தில் கூலிக்கு வயல் வேலை செய்தவர். "எங்கப்பா வாழ்நாள் பூரா ஏரித் தண்ணிய அடுத்தவன் வயலுக்குத் திருப்பி வுட்டாரு. நான் தண்ணி மேல காத்து வாங்கிக்கினு போறேன். பாத்திருந்தா சிரிச்சிருப்பாரு," என்பார். அதைச் சோகமாகச் சொல்லமாட்டார். பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, முகம் நிறைய சந்தோஷத்தோடு சொல்வார்.

வருடத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்துக்குப் பெயிண்ட். பழைய டயர்களின் மேல் படகைக் கவிழ்த்து, ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து முடிப்பதற்குள் எனக்குத் தோள் விட்டுப்போகும். அதன்பின் முதல் பூச்சு சிவப்பு, மேல் பூச்சு நீலம். ஒரே நிறத்தில் அடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று முதல் வருடமே சண்டை போட்டேன். நீலம் எங்கே தேய்கிறதோ அங்கே சிவப்பு எட்டிப் பார்க்கும், பூச்சு போன இடம் அப்போதே தெரிந்துவிடும் என்றார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். சிவப்பு காய்வதற்குள் நீல டப்பாவைத் திறந்துவிடுவேன். அவர் மூடியை வாங்கி மறுபடி போட்டுவிட்டுப் பிளாஸ்க்கை நீட்டுவார். "காயறது அதோட வேலை. டீ குடிக்கிறது நம்ம வேலை."

முதல் வருடம் பெயிண்ட் காய்ந்ததும், பக்கவாட்டில் வெள்ளையில் 'எஸ்தர்' என்று எழுதினார். அச்சுப் போல எழுத்து. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். நானும் தள்ளி நின்று பார்த்து, சரி என்றேன். ஏழுமலை ஆள் சேர்த்துப் படகை நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா சார், அம்மா பேரு தலைகீழா கீது?"

கவிழ்ந்து கிடந்த படகில் நேராக எழுதினால் வேறு எப்படி இருக்கும்! எனக்கு மானம் போயிற்று. சாரோ மணலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அழித்து எழுதலாம் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "இருக்கட்டும் வசந்தி. படகு கவுந்தா ஊரே நேரா படிக்கும். அப்பத்தான் பேரு வேணும்."

அதிலிருந்து வருடா வருடம் அப்படியேதான் எழுதினார். தன் பெயரைத் தலைகீழாகத் தொங்கவிட்டவரின் படகில் கால் வைக்கமாட்டேன் என்று எஸ்தர் அக்கா சொல்லிவிட்டார். சொன்னபடியே இருந்தார்.

இந்த வருடமும் பழைய பெயரைத் தேய்த்து அழித்து, சிவப்பை அவரே முழுக்க அடித்து முடித்திருந்தார். காயட்டும், அடுத்த வாரம் நீலம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரத்தில்தான் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின், மாமல்லபுரம் பக்கத்து விடுதிக்காரர் ஒருவர் படகை விலைக்குக் கேட்டார். எஸ்தர் அக்கா நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அதைக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. ஆனால் கணவரின் பங்கை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நான் எந்த வாயால் சொல்வது?

கொடுப்பதானாலும் அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது என்று, அக்கா பார்க்க வந்த அன்று காலையிலேயே நீலம் பூசினேன். ஏழுமலை நாற்காலி போட்டார். அக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் காய்ந்ததும், இந்த ஒரு தடவையாவது அவருடைய பெயர் ஒழுங்காக இருக்கட்டும் என்று, நிமிர்த்தினால் நேராக வரும்படி, எழுத்துகளைத் தலைகீழாகச் சாக்பீஸில் வரைந்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது. அக்கா எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்கையால் அவ்வளவையும் துடைத்தார்.

"இது யாரோ எழுதின மாதிரி இருக்குது. அவரு எழுதுற மாதிரியே எழுதும்மா."

விடுதிக்காரருக்கு என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவங்களுக்கு எதுக்கு என் பேரு?" என்றார்.

நான் அழுதேன், வெட்கமில்லாமல். ஏழுமலை கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி எழுத்தின் புள்ளியை அக்காவே வைத்தார், கொஞ்சம் பெரிதாகவே.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து படகை இறக்கினோம். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி அக்கா ஏறி உட்கார்ந்தார். கழியோரம் இருக்கும் பழைய கோட்டையின் உடைந்த சுவர் வரை போய்த் திரும்பும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கரை ஏறியதும், அடுத்த ஞாயிறும் உண்டா என்று கேட்டார்.

டேவிட் சார் கடைசியாகச் செய்த வேலை அந்தச் சிவப்பு. அது நீலத்துக்கு அடியில் இருக்கிறது. அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி என் வேலை. வருடா வருடம் நீலம் பூசுவேன். காயும்வரை டீ குடிப்பேன்.