பொட்டு வைத்த ஃபிளாப்பிகள்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகளை அனுப்பும் ஏஜென்சி. இரண்டாயிரத்து மூன்றில் நான் அங்கே மேனேஜர். பெயர் சிவதாணு, ஊர் நாகர்கோவில் பக்கம். கம்ப்யூட்டர் டிப்ளமா வேறு வைத்திருந்ததால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

பகவதி மாமிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் போன பிறகு, பழைய டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எங்களிடம் வேலைக்கு வந்தார். மகள் ஆதிரா காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். மாமியின் சம்பளத்தை விட்டால் வீட்டில் வேறு வரும்படி கிடையாது. கம்ப்யூட்டரை எங்களிடம் கற்றுக்கொண்டவர், மூன்றே மாதத்தில் எங்களுக்குச் சட்டம் போட ஆரம்பித்தார்.

காரணம் இருந்தது. ஒருமுறை வைரஸ் வந்து ஒரு வார டைப்பிங் முழுக்க நாசமாயிற்று. சரிசெய்ய வந்த ஷிபு, "அறியாத சைட்டுல இருந்து வந்ததாக்கும். ஃபிளாப்பியில தொத்திட்டு அடுத்த மெஷினுக்கும் போவும், கேட்டோ" என்றான். நாங்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். மாமி போகவில்லை.

அவர் வீட்டு அடுக்களையில் 'பத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு தொட்ட கையோடு தயிரையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக்கூடாது. கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். "அதேதான் சார் இதுவும்" என்றார் மாமி. மறுநாளே முதலாளி தங்கப்பனிடம் அனுமதி வாங்கி, இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டரைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளினார். மற்ற நான்கும் உள் அறையில். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர்கூடக் கிடையாது. வெளிக் கம்ப்யூட்டருக்கு வரும் மெயிலை அச்செடுத்து, காகிதத்தை மட்டும் உள்ளே கொண்டுபோய்த் திரும்ப டைப் அடிப்பார். உள்ளே புழங்கும் ஃபிளாப்பிகளுக்கு மஞ்சள் பெயிண்டில் பொட்டு வைத்தார். பொட்டில்லாத ஃபிளாப்பி உள் அறைக்குள் போகக்கூடாது.

எவ்வளவு சிரித்தோம்! எனக்குச் சிரிப்பு சீக்கிரமே எரிச்சலாயிற்று. ஒரு நிமிட வேலை அரை மணி நேரம் இழுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அக்கா மகளுக்கு வரன் பார்ப்பதற்காக, ஓசியில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் தேடினேன். கேள்விப்படாத ஒரு சைட்டில் கிடைத்தது. வெளிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், ஓடியது. என் மெஷினிலும் போட்டுக்கொள்ளலாம் என்று அதை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு உள் அறைக்குப் போனால், மாமி வாசலை மறித்து நின்றார்.

"பொட்டில்லையே சார்."

"மாமி, இது ஆபீஸாக்கும். உங்க அடுக்களை இல்ல."

"எதுவானாலும் உள்ள எடுக்கப்படாது. புதன்கிழமை இன்டர்வியூ. இருநூத்திப்பன்னெண்டு நர்ஸ் குட்டிகளோட பேப்பர் இதுலயாக்கும் இருக்கு."

எல்லார் முன்னாலும் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கோபத்தில் ஃபிளாப்பியை எதிர் அறை டிராவல்ஸ்காரர் உமாசங்கரிடம், "நீராவது உபயோகிச்சுக்கிடும் ஓய்" என்று கொடுத்துவிட்டேன். பிறகு உள் அறையில் என் மேஜைக்கு வந்து முதலாளிக்கு ஒரு கடிதம் டைப் அடித்தேன். இந்த அம்மாளால் வேலை முடங்குகிறது, மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்று. திங்கட்கிழமை அச்செடுத்துக் கொடுக்கலாம் என்று சேமித்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை மாடிப்படி ஏறும்போதே உமாசங்கரின் குரல் கேட்டது. அவருடைய மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. எங்கள் வெளிக் கம்ப்யூட்டரும் செத்துக் கிடந்தது. ஃபிளாப்பியில் இருந்தது என்ன என்று எனக்கல்லவா தெரியும்?

மாமி உள் அறைக்குப் போய் ஒவ்வொரு ஃபைலாகத் திறக்க ஆரம்பித்தார். நான் பின்னால் நின்றேன். ஒரு பெயர் திறந்தது, இன்னொன்று திறந்தது. நூறைத் தாண்டியபோது எனக்குப் புல்லரித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களும் அவரவர் போட்டோவோடு பத்திரமாக இருந்தார்கள். டிப்ளமா வாங்கிய எனக்குத் தோன்றாததை இந்த அம்மாள் ஒரு ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்தாரே! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"உங்க மெஷின் ஒண்ணுதான் பாக்கி சார்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரமிப்பில் எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. கடைசி ஃபைலைத் திறந்தபோதுதான் வந்தது. மாமி அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து என் பெயர் வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுவும் ஒரு எழுத்துக்கூடக் கெடலை சார். பிரிண்ட் எடுக்கட்டுமா?"

"வேண்டாம் மாமி. தயவுசெஞ்சு அதை அழிச்சிருங்க."

எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். "நீங்களே அழிச்சுடுங்கோ. அடுத்தவா ஃபைல்ல நான் கை வெக்கப்படாது."

உட்கார்ந்தேன். இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்தினேன். மூன்றாவது தடவைதான் அது அழிந்தது.