ஓர்ப்படியின் குப்பைத்தொட்டி

குடும்ப ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் மூத்த மருமகள், கணினியின் குப்பைத்தொட்டியை மறுபடியும் திறந்தாள். காலி! இறந்துபோன கணவனின் குரல் இருந்த ஒரே கோப்பைக் கைதவறி அழித்துவிட்டு, மூன்று நாளாக மௌஸோடு மல்லுக்கட்டுகிறாள். சோறு இறங்கவில்லை.

பழுது பார்க்க வந்தவர் மறைந்திருந்த ஃபோல்டர்களைத் திறந்து காட்டினார். "டிஸ்க்குல ஆளுக்கொரு தொட்டி ஒளிஞ்சிருக்கும்மா. யாரு லாகின்ல அழிச்சீங்களோ, அவங்க தொட்டியிலதான் கிடக்கும்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அவசரத்தில், இளைய மருமகளான ஓர்ப்படி திறந்து வைத்திருந்த லாகினிலேயே வேலை பார்த்திருந்தாள். அவளோடு ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. "வீட்டுக் குப்பையைக்கூடக் கொட்டாத சோம்பேறி" என்று இவள்தான் திட்டியிருந்தாள்.

மானத்தை விழுங்கிக்கொண்டு ஓர்ப்படியின் முன் போய் நின்றாள்.

"உன் தொட்டியில அவரு குரல் கிடக்குதாம்டி. காலி பண்ணிட்டியா?"

ஓர்ப்படி எழுந்து வந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். நாலாயிரம் கோப்புகள் குவிந்து கிடந்தன. தேதி பார்த்துத் தேடியதில், அவன் குரலும் அங்கே இருந்தது.

மூத்தவள் மேஜையில் தலை கவிழ்ந்து தேம்பினாள்.

"அழாதீங்கக்கா. சோம்பேறி என்னைக்குக் குப்பையைக் கொட்டியிருக்கா?" என்ற இளையவளின் கண்ணும் கலங்கியிருந்தது.