நொபுயே மடிக்காத படுக்கை

நொபுயேவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. காலையில் எழுந்து, படுக்கையைக் கசங்கினபடியே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போக வேண்டும். அதுவும் எங்கள் ஹோட்டலில், முப்பத்தெட்டாம் மாடியில். இதை எல்லோரிடமும் சொன்னாள், மேனேஜர் உட்பட. யாரும் நம்பவில்லை. நான் துளிகூட நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வருஷம் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவள் நான். நாங்கள் அறையைத் துடைத்து, விரிப்பு மாற்றி முடித்த பிறகு நொபுயே வந்து சரிபார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவளுக்குப் போதாது. குளியலறைத் தரையில் கன்னத்தை ஒட்டிவைத்துக் குனிந்து பார்ப்பாள். ஒரு முடி கிடைத்தால் போயிற்று. அதை இரண்டு விரலால் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "சிஸு, இது யாரோடது? பேரைச் சொல்லு, கூப்பிட்டுக் குடுத்துடறேன்" என்பாள். விருந்தாளிகள் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்குகிற அதே பெண்தான்.

அவள் பிறந்தது தொத்தோரிப் பக்கம். அப்பாவுக்குப் பேரிக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை. இருபத்தொன்பது வயதில் யசுஜியைக் கல்யாணம் செய்துகொண்டு ஒசாகாவுக்கு வந்தாள். இந்த ஐம்பது மாடிக் கட்டடம் திறந்த அன்றே வேலையில் சேர்ந்தாள். மேற்பார்வைக்கு வரும்வரை ஒரு நாளைக்குப் பதினான்கு அறை, பதினான்கு கட்டில். அதற்கு முன்னால் விடியற்காலையில் வீட்டில் இரண்டு தரை மெத்தைகள், அவளுடையது ஒன்று, யசுஜியுடையது ஒன்று. இரண்டையும் மடித்து அலமாரியில் ஏற்றிவிட்டுத்தான் ரயில் பிடிப்பாள்.

யசுஜி நகரப் பேருந்து ஓட்டினவர். எழுந்ததும் மெத்தையைத் தாண்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ப் பேப்பரை விரிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படியேதான். கெட்ட மனிதர் இல்லை, குடி கிடையாது, அதட்டிப் பேசமாட்டார். ஆனால் மெத்தை மடிப்பது என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது என்று நொபுயே சொல்வாள்.

அறுபத்தைந்து முடிந்து அவள் வேலையிலிருந்து நிற்கப் போகும்போது மேனேஜர் கூப்பிட்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் கைக்கடிகாரம் வாங்கிக்கொள்வார்கள். நொபுயே, "முப்பத்தெட்டாம் மாடியில ஒரு ராத்திரி தங்கணும், வீட்டுக்காரரோட" என்றாள். மேனேஜர் மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அன்றைக்குத் துணி அறையில் ஒரே சிரிப்பு. துண்டு மடிக்கிற மினே கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நீங்க ஜன்னலைத் துடைச்சு, கம்பளத்தைச் சீவி, போற வழியில வராண்டாவையும் கூட்டிட்டுத்தான் போவீங்க."

"ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காது" என்றேன் நான்.

நொபுயே சிரிக்கவில்லை. தலையணை உறையை உதறிக்கொண்டே சொன்னாள்: "தினம் பாக்கறேன் சிஸு. எந்திரிக்கறாங்க, போர்வையை ஒரு தள்ளு தள்ளறாங்க, அவங்க பாட்டுக்குப் போயிடறாங்க. பின்னாடி ஒருத்தி வந்து எடுப்பான்னு தெரியும். எனக்குப் பின்னாடி யாரும் வந்ததே இல்லடி. வீட்டுலயும் இல்ல, இங்கயும் இல்ல. ஒரே ஒரு காலையில எனக்குப் பின்னாடி ஒருத்தர் வரட்டும். அது போதும்."

எனக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்வேனா? "வந்தா நான்தான் வரணும், அது என் மாடி" என்றேன்.

"வா. தலைமுடி நிறையப் போட்டு வெக்கறேன்."

அவர்கள் வந்த அன்று மூன்று மணிக்கு நான் லிஃப்ட் பக்கம் சும்மா பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யசுஜி கறுப்புக் கோட்டு சூட்டில் வந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவரிடம் அது ஒன்றுதான். எந்த டை கட்டுவது என்று இரண்டு நாள் குழம்பி, கடைசியில் டை இல்லாமலே வந்துவிட்டார். பெட்டி தூக்க வந்த பையனிடம் பெட்டியைக் கொடுக்காமல் நான்கு தடவை நன்றி சொன்னார். அவனும் விடாமல் நான்கு தடவை குனிந்தான். லிஃப்ட் இரண்டு முறை மூடித் திறந்தது.

சாயங்காலம் தண்ணீர் பாட்டில் வைக்கப் போனேன். நொபுயே நாற்காலி நுனியில், வேலை நேர்முகத்துக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். யசுஜி ஹோட்டல் கொடுத்த பருத்தி அங்கியில் ஜன்னலோரம் நின்று, அத்தனை உயரத்திலிருந்து பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியான நேரத்துக்குத்தான் வர்றான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"எதையும் தொடலையே?" என்று கேட்டேன்.

"கதவுச் சட்டத்துக்கு மேல மட்டும் விரல் வெச்சேன்."

"தூசி?"

"இல்ல." குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"ஏம்மா சிஸு, இவ கையைக் கட்டிப் போடணும்னா கயிறு கிடைக்குமா?" என்றார் யசுஜி, ஜன்னலை விட்டுத் திரும்பாமலே.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நொபுயே தனியாக வராண்டாவில் வந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. என் தள்ளுவண்டியருகே நின்று காதோடு சொன்னாள்: "போட்டுட்டு வந்துட்டேன்டி! போர்வை பாதி கீழ தொங்குது. ஒரு தலையணை தரையில. நானே தள்ளி விட்டேன்."

"அடேயப்பா! அவர் எங்கே?"

"சாக்ஸ் தேடறார். பின்னாலயே வருவார். நான் நின்னா கை சும்மா இருக்காது, அதான் ஓடி வந்துட்டேன்." சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

யசுஜி அவ்வளவு நேரம் ஏன் இறங்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் போனார். நெற்றியில் வியர்வை. என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார், நானும் வணங்கினேன், அத்தோடு விட்டேன்.

பத்து மணிக்கு இருவரும் கீழே சாப்பிட்டுவிட்டு, பெட்டியை எடுக்கத் திரும்பினார்கள். கதவு திறந்தது. பிறகு நொபுயேவின் குரல் வராண்டா முழுக்கக் கேட்டது. முப்பத்தெட்டாம் மாடியில் ஊழியர் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"மனுஷா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

நான் ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் ஒன்றும் இல்லை. போர்வையும் விரிப்பும் மூன்றாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் தரையில் அடுக்கியிருந்தது. அதன் உச்சியில் இரண்டு தலையணை. வீட்டில் தரை மெத்தையை மடித்து அடுக்குகிற மாதிரியே. கட்டில் மெத்தை மட்டும் ஒரு பக்கம் தூக்கி, வளைந்து, பாதி வெளியே நின்றது.

"அதையும் மடிக்கப் பார்த்தேன். மடியல" என்றார் யசுஜி.

குளியலறைக் கண்ணாடியை அவருடைய கைக்குட்டையால் துடைத்திருந்தார். குப்பைக்கூடை காலி. குப்பை எங்கே என்று கேட்டேன். "பையில இருக்கும்மா. வீட்டுல போய்ப் போட்டுக்கறோம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

நொபுயே அவர் பக்கம் திரும்பினாள். "முப்பத்தாறு வருஷம் ஒரு முனையைத் தொட்டதில்ல. நான் ஒரே ஒரு நாள் கேட்டேன், ஒரே நாள்! அன்னிக்குப் பார்த்துத்தானா?"

"உன் கூட வேலை பாக்கறவங்க வந்து பாப்பாங்களே. நீ போட்டது போட்டபடி போனேன்னு பேசினா? உன் மானம் என்ன ஆகறது?" என்றார். நிஜமாகவே கவலைப்பட்டிருக்கிறார். எனக்கோ இந்த மனிதரை அப்படியே மூன்றாக மடித்து அலமாரியில் ஏற்றலாமா என்றிருந்தது.

நொபுயே அந்த அடுக்கின் முன்னால் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"இப்படி மடிக்க யார் சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"யாரு சொல்லணும்? முதல்ல கால் பக்கத்தை இழுப்பே. மூணா மடிப்பே. ஓரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவே. அப்புறம் தலையணையை ரெண்டு தட்டு."

"தட்டுனீங்களா?"

"ரெண்டு தட்டுதான்."

"நீங்க பேப்பர் இல்ல படிச்சுட்டு இருப்பீங்க?"

"நடுக்கதவு திறந்துதானே இருக்கும். பேப்பருக்கு மேல தெரியுமே."

"தினமுமா?"

"தினமும்தான்."

நொபுயே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஒரு நாளாவது வந்து ஒரு முனையைப் பிடிச்சிருக்கலாமே?"

யசுஜி யோசித்தார். கேள்வி கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். "நீ அவ்வளவு அழகாப் பண்ணுவே. நடுவுல நான் வந்து கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

"கெடுத்திருக்கணும்" என்றாள் நொபுயே. "வந்து கெடுத்திருக்கணும், மனுஷா." அழுதாள். சிரிக்கவும் செய்தாள். நான் வாசலில் துடைப்பத்தோடு நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன்.

பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்; ஐந்து நிமிஷம் இருக்கும்போது நொபுயே எழுந்தாள். மேல் தலையணை ஒரு விரற்கடை கோணலாக இருந்தது. எனக்கே கண்ணை உறுத்தியது, அவளுக்கு உறுத்தாமலா இருக்கும். அவள் கை அதுவரை போனது. நின்றது. கையை எடுத்துக் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க போகலாம்" என்று யசுஜியிடம் சொல்லி, வராண்டாவில் நடந்து, லிஃப்டில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த விருந்தாளி மூன்று மணிக்கு. இருபத்தைந்து நிமிஷத்தில் முடிக்கிற அறை அது. மெத்தையை மட்டும் நேராகத் தள்ளி வைத்துவிட்டு மீதியிருந்த மற்ற அறைகளை முடித்தேன். சுவரோரத்து அடுக்கில் இரண்டரை மணி வரை கை வைக்கவில்லை.