ஐந்தாம் காம்பரா இருந்த இடம்

பூர்ச்ச மர விறகு எரியும்போது எழும் வாசனை இனிப்பானது. ஒக்டோபரில் முதல் குளிர் இறங்கும் மாலையில் அது எங்கள் தெருவில் பரவினால், அக்கம்பக்கத்தார் மெழுகுதிரி ஏற்றி ஜன்னலில் வைப்பார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, எந்தப் புகைபோக்கியிலிருந்து அந்தப் புகை கிளம்புகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் உள்ளே போவேன். முப்பது வருடமாக இந்த வழக்கம் மாறவில்லை.

நான் இருப்பது நோர்வேயின் பேர்கன் நகரில், கடலுக்குள் விரல்போல் நீண்டிருக்கும் நூர்ட்நேஸ் என்ற குடியிருப்பில். வெள்ளை பூசிய சின்னச் சின்ன மர வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். மழை அநேகமாக எந்நாளும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே மாலுமிகளும் மீன் வேலைக்காரரும் ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்களாக அடைந்து கிடந்தார்கள். மீனை டின்னில் அடைத்த தொழிற்சாலையில் இப்போது நாடகமும் இசைக்கச்சேரியும் நடக்கின்றன. ஏழைகள் குடியிருந்த வீட்டை வாங்க இன்று ஏழையால் முடியாது. கோடையில் கப்பலில் வந்திறங்கும் பயணிகள் எங்கள் பூந்தொட்டிகளைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தேதிகளைச் சேர்ப்பது என் பழக்கம். இந்த இடத்தின் தேதிகள் பெரும்பாலும் நெருப்பின் தேதிகள். 1702இல் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. 1756இல் இந்தப் பக்கம் மறுபடி எரிந்தது. 1944 ஏப்ரலில் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்து, தீ மலைச்சரிவு வரை ஏறியது. மரத்தால் ஆன ஊரைத் தீயிலிருந்து காக்க இவர்கள் கண்ட வழி, வீட்டு வரிசைகளுக்கு நடுவே அகலமான வெற்று நிலத்தை விட்டுவைப்பது. அதற்கு 'அல்மென்னிங்' என்று பெயர். பார்ப்பவருக்கு அது அகன்ற தெரு மாதிரி இருக்கும். உண்மையில் தீ தாண்டக் கூடாது என்று விட்ட இடைவெளி. நூலகத்தில் இதை முதன்முதலில் வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அப்படியொரு இடைவெளியை நாங்களும் உண்டாக்கியிருக்கிறோம். அதில் போனது எங்கள் வீடு.

1981ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். இலங்கையில் நிவித்திகலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக் 'காம்பரா'; ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். பத்துக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் கூரைவரை எட்டாது; சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் கை நுழையும் அளவுக்குத் திறப்பு இருக்கும். அந்த வழியாக முதலாம் காம்பராவில் சுட்ட கருவாடு பத்தாம் காம்பராவில் மணக்கும். அதே வழியாக நெருப்பும் போகும் என்று அதுவரை யாரும் பேசியதில்லை.

முதலாம் காம்பரா ரோட்டைப் பார்த்திருந்தது, அதில் கங்காணித் தாத்தா இருந்தார். பத்தாவது ஆற்றுப் பக்கம். நாங்கள் ஐந்தில். ஆறாவதில் இருந்த பாக்கியம் அத்தைக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

தமிழர் வீடுகளை எரிக்கும் கலவரம் பரவிக்கொண்டிருந்தது; ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து மலைக்குப் பின்னால் புகை தெரிந்தது. கொழுந்துக் கூடையோடு திரும்பிய பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆண்கள் 'பெரட்டுக் களத்தில்', அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் திடலில், கூடினார்கள். அப்பா 'ஸ்டோரில்', அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உலைக்கு விறகு போடுகிறவர். நெருப்பைப் பற்றி அவர் பேசும்போது மட்டும் மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை.

"ஸ்டோர்ல வெறகு அடுக்குறப்ப ஒரு அட்டிக்கும் அடுத்த அட்டிக்கும் நடுவுல ஒரு ஆள் போற வழி விடுவோமுங்க. ஒண்ணு பத்திக்கிட்டா மத்தது நிக்கும். லயத்துக்கும் அப்படி ஒரு வழி வேணும்" என்றார்.

"செவத்தையா இடிக்கச் சொல்ற?" என்று கேட்டார் கங்காணித் தாத்தா.

"செவரு எரியாதுங்க. நடுவுல ஒரு காம்பராக் கூரைய எறக்கிட்டாப் போதும்."

"யாரு காம்பராவ?"

நடு என்றால் ஐந்து, இல்லாவிட்டால் ஆறு. எல்லோரும் ஆறாம் காம்பராவைப் பார்த்தார்கள், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்பா எங்கள் வாசலைப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மாவுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பத்துக் காம்பராவுல இவருக்கு நம்ம கூரதான் கண்ணுல பட்டுச்சு" என்று ஆரம்பித்தாள். "நாளைக்கு மழ பேஞ்சா கொடைய எங்க மாட்டுவீங்க? வானத்துலயா?"

ஆறாம் காம்பராவுக்குள்ளிருந்து பாக்கியம் அத்தையின் குரல் மெலிதாக வந்தது. "அண்ணி, எங்களுத எடுத்துக்கங்க. நான் புள்ளையத் தூக்கிட்டு எங்கயாச்சும் ஒண்டிக்கிறேன்."

"நீ வாய மூடு. பச்ச ஒடம்புக்காரி, பேச வந்துட்டா!" என்ற அம்மா, உள்ளே போய் முருகன் படத்தை ஆணியிலிருந்து தானே கழற்றினாள். எங்கள் வீடு உடைந்தது அந்தப் படத்திலிருந்துதான்.

கூரை தோட்டத்துச் சொத்து, கழற்றுவது குற்றம். "தொரை கேட்டா என்னாடா சொல்றது?" என்றார் கங்காணித் தாத்தா. "காத்து அடிச்சிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க" என்று கூரைமேலிருந்து ஒருவர் கத்தினார். "ஆமா, நம்பர் பாத்து அடிச்ச காத்து!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த லயத்தில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

தகரம் ஒவ்வொன்றாகப் போகப் போக, வெளிச்சத்தையே பார்த்திராத அடுப்படியில் வெயில் விழுந்தது. சுவரில் அத்தனை கரி படிந்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். வளைமரங்களையும் கதவையும்கூடத் தூக்கிப்போய்ச் சரிவில் போட்டார்கள். நான் நடுவில் நின்று மேலே பார்த்தேன். வானம் நேராக எங்கள் பாய் விரிக்கும் இடத்துக்கு இறங்கியிருந்தது. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 1977இல் கலவரக்காரர்கள் ரோட்டு வழியாக வந்து முதலாம் காம்பரா மேல் கல்லெறிந்திருந்தார்கள். 'நாட்டுக்காரர்' என்று நாங்கள் சொல்லும், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிங்களக் கிராமத்தாரோடோ ஒரே துறையில் குளிப்போம். பிலாக்காயும் மரவள்ளியும் கைமாறும். அதனால் கங்காணித் தாத்தா தீர்மானமாகச் சொன்னார்: "வந்தா ரோட்டாலதான் வருவானுங்க. ஆத்துப் பக்கத்து நாட்டுக்காரங்க நம்மள ஒண்ணும் செய்ய மாட்டாங்க. மேல் நாலு காம்பராச் சாமானையும் கீழ கொண்டு போயிருங்க."

அப்பாவும் தலையாட்டினார். சட்டி பானை, அரிசி மூட்டை, துணி எல்லாம் இடைவெளியைத் தாண்டி ஆற்றுப் பக்கத்துக் காம்பராக்களுக்குப் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு வீட்டின் தகரப்பெட்டியும் போனது. 1964இல் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எங்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, தோட்டத்தில் உயிருக்கு அடுத்தபடி அந்தப் பெட்டிதான். பிரசாவுரிமை என்கிற குடியுரிமைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் அதற்குள் இருக்கும். அது போனால் நாம் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல வாய் மட்டுந்தான் மிச்சம். எங்கள் பெட்டியை அப்பா எட்டாம் காம்பராவில், பரணுக்கு அடியில் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் உச்சிவேளையில் ரொட்டி விற்கும் பாண்காரர் வந்தார். வழக்கமாகச் சைக்கிளில் பாண் பெட்டியோடு வரும் சிங்களவர். அன்று பெட்டி இல்லை, சட்டையெல்லாம் வியர்வை.

"கங்காணி, யண்ட, யண்ட! எல்லாம் மேல மலைக்குப் போங்கோ. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு."

"ரோட்டுல வர்றாங்களா?"

"ரோட்டுல மட்டும் இல்லை" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா எட்டாம் காம்பராப் பக்கம் ஓரடி வைத்தாள். "பெட்டி?"

"ஆளு மொதல்ல" என்று அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

மலைச்சரிவில் தேயிலைச் செடிக்கு அடியில் படுத்தால் கீழே நிற்பவருக்குத் தெரியாது. மண் நனைந்திருந்தது. அட்டை என் கணுக்காலில் ஏறியது தெரிந்தும் நான் அசையவில்லை. எனக்குப் பக்கத்தில் பாக்கியம் அத்தை குழந்தையின் வாயை மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டிவிடுமோ என்று ஒரு பயம், விட்டால் அழுதுவிடுமோ என்று இன்னொரு பயம். அவள் விரல்கள் அழுத்துவதும் தளர்வதுமாக இருந்ததையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோடு வெறுமையாகக் கிடந்தது. சத்தம் ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. அவர்கள் அந்தக் கிராமத்தாரா, ஆற்றைக் கடந்து வந்த வேறு ஆட்களா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. அவ்வளவு உயரத்திலிருந்து தலைகள்தான் தெரிந்தன. பத்தாம் காம்பராவில் புகை எழுந்தது. பிறகு ஒன்பது. தகரங்கள் சூட்டில் துள்ளி வெடிக்கும் ஓசை ஒவ்வொரு காம்பராவாக எங்களை நோக்கி ஏறி வந்தது. எட்டு. ஏழு. ஆறு.

ஐந்தில் நின்றது.

"நின்னுருச்சு" என்றார் அப்பா, தனக்குத்தானே. அவர் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி தோன்றியதை நான் பார்த்தேன். அதற்குள் கங்காணித் தாத்தா செடிக்கு அடியிலிருந்து முனகினார்: "எல்லாம் அந்தப் பக்கமில்ல கெடக்கு."

காலியாக இருந்த நான்கு காம்பராக்களுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வந்தவர்கள் அவற்றை ஏன் விட்டுப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் இறங்கி வந்தோம். யாரும் அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீ சொன்னபடி நின்னுச்சுப்பா. நாந்தான் தப்பான பக்கத்துல வச்சுட்டேன்" என்றார் கங்காணித் தாத்தா. அப்பா எட்டாம் காம்பராவின் சூட்டுச் சாம்பலைக் கிளறி எங்கள் பெட்டியை எடுத்தார். மூடியை நெம்பித் திறந்தபோது கடதாசிகள் அடுக்குக் குலையாமல் கறுப்பாக இருந்தன. மேலே இருந்தது என் பிறப்புச் சான்றிதழ். கறுப்பில் எழுத்துகள் வெள்ளி போல மினுங்கின. அப்பா தேதியை வாசிக்கக் குனிந்தார். அவர் மூச்சுப் பட்டு அது உதிர்ந்தது.

தோட்டத்து ஆபீஸில் இருந்த பதிவுப் புத்தகமும் அதே வாரத்தில் எரிந்தது. "செடி கவ்வாத்து வெட்டுன காலம், அடைமழ" என்பதுதான் நான் பிறந்ததற்கு அம்மாவிடம் மிச்சமிருந்த தேதி. பத்துக் குடும்பமும் அந்த நான்கு காம்பராவில் சில வாரம் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. நாங்கள் வவுனியாப் பக்கம் போனோம். அங்கே பதிவு எழுதியவர் என் பெயருக்கு நேரே ஜனவரி ஒன்று என்று போட்டார். நோர்வேக்காரர்களின் ஏடுகளிலும் அதுவே இருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டிலும் வேலையிடத்திலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வருகிறது.

போன வருடம் நிவித்திகலப் பக்கம் போய் வந்த உறவினர் ஒருவர் கைபேசியில் படம் அனுப்பினார். லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. தேயிலையும் போய், அந்த மலையில் வேறு ஏதோ மரம் நிற்கிறது. கூரை கழற்றிய எங்கள் காம்பராவின் அடுப்படி எங்கே இருந்திருக்கும் என்று நான் விரலால் பெரிதாக்கித் தேடினேன். புல்தான் இருந்தது. 1702இல் இங்கே எரிந்ததற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எங்கள் லயம் எரிந்தது ஓகஸ்டில் எந்த நாள் என்று எந்த ஏட்டிலும் நான் கண்டதில்லை; என் நினைவிலும் இல்லை.

எங்கள் தெருவின் முனையில் உள்ள அல்மென்னிங்கில் மாலை வேளையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அந்த வெற்று நிலத்தில் யாருடைய வீடு இருந்தது, யார் தங்கள் சாமிப் படத்தை முதலில் கழற்றினார்கள் என்று நான் கேட்டுப் பார்த்ததுண்டு. யாருக்கும் தெரியவில்லை. என் கடவுச்சீட்டும் வீட்டுப் பத்திரமும் மகளின் பிறப்புச் சான்றிதழும் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு வருடம் அதைக் கடல் பக்கத்து அறையில் வைக்கிறேன், அடுத்த வருடம் தெருப் பக்கத்து அறைக்கு மாற்றுகிறேன். மகள் சிரிக்கிறாள். எந்தப் பக்கம் சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.